ராணி இல்லாத கூடு

சர்க்கரை ஆலையின் பின்புறம், கரும்புச் சோகை மக்கிக் கிடந்த ஓரத்தில் சவரி குந்தி உட்கார்ந்திருந்தார். காலை ஷிப்டு முடிந்து எல்லோரும் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் ஈரச் சோகையை ஒரு கையால் மெல்லத் தூக்கினார். அடியில் ஒளிந்திருந்த சுவர்க்கோழி துள்ளியது. மறு கையைக் குவித்து அதன்மேல் கவிழ்த்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆளுக்கு அந்த வேகம் வேண்டியதில்லைதான். ஆனால் சில மாதங்களாகத் தினமும் செய்வதால் கை பழகியிருந்தது. மூடியில் ஆணியால் துளை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அதை விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கால் எதுவும் ஒடிந்திருக்கவில்லை. ஒடிந்தால் சீக்கிரம் செத்துவிடும். செத்ததை வீட்டில் இருக்கும் எறும்புகள் தொடாது.

கொதிகலன் பிரிவில் அவரோடு வேலை செய்யும் மாதையன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நின்றான்.

"ஏண்ணா, இன்னுமா அதுங்களுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்கற?"

"உசுரோட இருக்குதே மாதையா."

"கொண்டுபோயி காட்டுல வுட்டுட்டா ஆவுது."

"எந்தக் காட்டுல? எடம் எம் மவளுக்குத்தான் தெரியும்."

 சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, மாதையனும் குனிந்து சோகையைப் புரட்ட ஆரம்பித்தான்.

லூர்துமேரி சவரிக்கு ஒரே பிள்ளை. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் சாலையை ஒட்டிய அவர்கள் ஊரில், அந்தப் பத்துப் பதினைந்து கிறிஸ்தவக் குடும்பங்களில், பெங்களூர் வரை போய்ப் படித்த முதல் பெண். விலங்கியல் எடுத்தாள். படிப்பு முடிந்ததும் ஏதாவது பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைக்கும், கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அவள் அம்மா ரோசம்மா நினைத்திருந்தாள். அதற்குப் பதிலாக லூர்து ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். பாலக்கோட்டில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவரிடம் சொல்லிச் செய்த பெட்டி. உள்ளே கால் பாகத்துக்கு வெள்ளைச் சுண்ணம் போல ஒன்றைக் கரைத்து ஊற்றி, அது இறுகுமுன் குழிகளும் பாதைகளும் தோண்டியிருந்தாள். அந்தக் குழிகளுக்குள் எறும்புகள்.

சவரி அதுவரை அப்படி ஓர் எறும்பைப் பார்த்ததில்லை. மண் நிறம். இடுக்கியை நீட்டிப் பிடித்தது போல நீண்ட தாடைகள். தலையில் பாதி கண்ணாகவே இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் தலையைத் திருப்பிப் பார்க்கும். எறும்பு மனிதனைத் திரும்பிப் பார்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். எல்லாவற்றையும்விட, அது தாவியது. வெட்டுக்கிளி போல எம்பி, ஓடும் பூச்சியை நடுவழியில் கவ்வியது.

"ஒரு வெள்ளக்காரன் எந்தக் காலத்துலயோ இத ஊசில குத்தி, பேரு வெச்சிட்டுப் போயிட்டாம்ப்பா. அத்தோட சரி. இது எத்தன வருசம் வாழும், எப்பிடிக் குடும்பம் நடத்துது, ஒண்ணும் யாருக்கும் தெரியாது. நம்மூருக்குப் பக்கத்துலயே இருக்குது பாரு" என்று லூர்து சொன்னாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை, நிலம் வாங்கியவனின் முகத்தில் இருப்பது போல இருந்தது என்று சவரிக்குத் தோன்றியது. சர்க்கரை, அரிசி நொய் எதையும் அவை சீண்டாது, உயிருள்ள பூச்சிதான் வேண்டும். சுண்ணத்தில் ஈரம் காயக் கூடாது, தினமும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். மேலே சிவப்புத் தாள் மூடியிருந்தால் இருட்டு என்று நினைத்து அமைதியாக இருக்கும். இதையெல்லாம் அவள் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவள் தன் பேராசிரியரைப் பார்க்கப் பெங்களூர் போகிற நாட்களில் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

அதியமான்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பையன் வாத்தியார். லூர்து ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னாள். ராணி எறும்பு முட்டையிட ஆரம்பித்திருக்கிறது, இப்போது விட்டால் எல்லாம் போய்விடும் என்றாள். அவர்கள் பொறுக்கவில்லை, வேறு இடத்தில் பார்த்துக்கொண்டார்கள். ரோசம்மா வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். "அந்த எறும்பையே கட்டிக்கோ போ" என்றாள். லூர்து பையை எடுத்துக்கொண்டு பஞ்சப்பள்ளிப் பக்கம், எறும்புகளைக் கண்டெடுத்த தன் ஓடைக்குப் போனாள். ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். அடுத்த வாரம் காய்ச்சல். மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாட்கள் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. அம்மா கையைப் பிடித்தபோது யாரோ நர்ஸ் என்று நினைத்து, "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றாள்.

அடக்கத்துக்குப் பிறகு ரோசம்மா மகளின் அறைக்குள் போகவில்லை. மழையும் ஓடையும் அந்தப் பெட்டியும் சேர்ந்துதான் மகளைக் கொன்றன என்று நம்பினாள். சவரி மட்டும் வேலையிலிருந்து வந்ததும் கை கால் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் விட்டார், பூச்சி விட்டார். சிவப்புத் தாளை விலக்கிப் பார்த்தால், ராணியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு எறும்புகள் அசையாமல் நிற்கும். ராணி என்றாலும் தனித்துத் தெரியாது. மற்றவை போலத்தான், உடம்பு கொஞ்சம் பருத்தது, அவ்வளவே. லூர்து காட்டிக் கொடுத்திருந்ததால் அவருக்குத் தெரிந்தது. மகள் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றைத் தானும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில் நாள் போய்க்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கிய சமயம். ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. சோறு வைக்கும் பெரிய தேக்சா அடுப்பின்மேல் இல்லை. மகளின் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தரையெல்லாம் தண்ணீர். ரோசம்மா சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தேக்சா பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. பெட்டியின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"ஊத்திட்டன்" என்றாள்.

காலையில் தக்காளிக் கூடையோடு பாலக்கோடு மண்டிக்குப் போயிருந்தாள். அங்கே அந்த வாத்தியார் பையனின் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் நல்ல மாதிரிதான். கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தாள். பிறகு, பேச்சோடு பேச்சாக, மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றும் சொன்னாள். ரோசம்மா மிச்சத் தக்காளியை விற்காமலேயே பஸ் ஏறி வந்துவிட்டாள். உலையில் தண்ணீர் கொதிக்கும்வரை என்ன நினைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

சவரி பெட்டியின் முன் மண்டியிட்டார். குழிகளில் எறும்புகள் சுருண்டு மிதந்தன. ஒரு ஸ்பூனை எடுத்துவந்து தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தார்.

"ஊத்துனதும் ஓடும்னு நெனச்சன்" என்றாள் ரோசம்மா, அவர் முதுகைப் பார்த்து. "ஓடலிங்க. அங்கங்க நின்னு, அந்தப் பழுப்புக் கூட்டத் தூக்குதுங்க. புள்ளைங்க இருக்குற கூட்ட. ஒண்ணுக்குக் காலே வெந்துபோச்சி. இழுத்துக்கினு போவுது. வாயில புடிச்சத வுடல. ஐயோ, அத வுடவே இல்லிங்க."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அடக்கத்தன்று கூட அப்படி அழாதவள். சவரி ஸ்பூனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தார். அவளைத் திட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அவள் தோளைத் தொட்டபோது, நெடுநாளாக அவளைத் தொடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தண்ணீர் எட்டாத மூலையில் கொஞ்சம் பிழைத்திருந்தன. கூட்டுப்புழுக்களில் ஒன்றிரண்டையும் அவை காப்பாற்றியிருந்தன. செத்தவற்றைத் தாளில் பரப்பி, சவரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பருத்த உடம்புக்காரி அதில் இருந்தாள். அவர் தாளை மடித்து, கொல்லையில் கொய்யா மரத்தடியில் குழி தோண்டி மூடினார். ரோசம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர், தக்காளி வயலில் ரோசம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முந்தானையைக் கையில் விரித்து வெட்டுக்கிளியைத் துரத்துவதைப் பார்த்தார். வரப்பிலேயே நின்றார். அவள் தடுமாறி விழுந்து, எழுந்து, மறுபடி துரத்தினாள். மருந்து அடித்த செடியில் பிடிக்காதே என்று மட்டும் சொன்னார். "தெரியும்" என்றாள்.

அதிலிருந்து பெட்டி அவள் பொறுப்பாயிற்று. பகலெல்லாம் வீட்டில் இருப்பவள் என்பதால் சவரி பார்க்காததையெல்லாம் பார்த்தாள். எறும்புகள் எதிரும் புதிருமாக நின்று மீசைக் கொம்பால் மாறி மாறி அடித்துக்கொள்வதாகச் சொன்னாள். கடித்துக்கொள்ளவில்லை, ஒன்று முன்னால் வந்து அடித்தால் மற்றது பின்னால் போகிறது, பிறகு அது அடிக்க இது பின்வாங்குகிறது. நாள் கணக்கில் இதே வேலை. "பங்காளிச் சண்டையாட்டம்" என்றாள். பிறகு சண்டை ஓய்ந்தது. ஈஸ்டர் கழிந்த ஒரு நாள், சவரி வாசலில் சைக்கிளை நிறுத்துமுன்பே ஓடிவந்தாள்.

"முட்டைங்க! வந்து பாருங்க, முட்டை போட்டிருக்குது!"

அவள் குரலில் அப்படி ஓர் உற்சாகத்தைக் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நூல் முனை போல வெள்ளை முட்டைகள். அவை புழுவாகி, பழுப்புக் கூடு கட்டி, ஆலையில் அரவை முடிந்து வேலை குறைந்த காலத்தில் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. வந்தவை வேறு மாதிரி இருந்தன. சின்ன உடம்பு, சின்னத் தாடை, கண்ணாடித் தாள் போல நான்கு சிறகுகள். ரோசம்மா சிறகைக் கண்டு மகிழ்ந்துபோனாள். இறந்தவற்றுக்குப் பதிலாக ஆண்டவர் இப்படிக் கொடுத்திருக்கிறார் என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

ஆடி பிறந்த சமயத்தில் பெங்களூரிலிருந்து லூர்துவின் பேராசிரியர் கிருஷ்ணப்பன் வந்தார். வெளிநாடு போயிருந்தவருக்கு லூர்து இறந்த செய்தியே திரும்பி வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து, சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார். கன்னடம் கலந்த தமிழில், "என் கிட்ட படிச்ச பசங்களிலே…" என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். எறும்புகள் இன்னும் இருக்கின்றன என்று சவரி சொன்னபோது அவர் நம்பவில்லை. அறைக்குள் போய்ச் சிவப்புத் தாளை விலக்கியதும், "அய்யோ, உயிரோட இருக்கு!" என்று குழந்தை போலக் கத்தினார்.

பையிலிருந்து லென்சை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"ராணி எங்கே?"

 அவர் லென்சைத் துடைத்து மறுபடி பார்த்தார். "ராணி இல்லே. வேலைக்கார எறும்புங்களே முட்டை போட்டிருக்கு. ஆணோட சேராத எறும்பு போடற முட்டையிலே ஆண்தான் வரும். இந்தச் சிறகு வெச்சது எல்லாம் ஆண். ஆண் வேட்டையாடாது, குஞ்சைப் பாக்காது. இந்தப் பழசு எல்லாம் வயசாகிப் போனதுக்கு அப்புறம்…" கையை விரித்தார். "ராணி எப்போ செத்தது?"

ரோசம்மா காப்பித் தம்ளரோடு கதவருகில் நின்றிருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சவரி சொன்னார்.

"கோடையில சார். வெயிலு தாங்கல போல. ஒருநா காலையில பாத்தா செத்துக் கெடந்திச்சி. நாந்தான் எடுத்துப் பொதைச்சன்."

அவள் அவரைப் பார்த்தாள். தம்ளரிலிருந்து காப்பி விரலில் வழிந்தது. சுட்டிருக்கும். அவள் கையை மாற்றவில்லை. மெல்ல வந்து தம்ளரைப் பேராசிரியர் முன்னால் வைத்தாள்.

"அப்ப இந்த றெக்கை வெச்சதுங்க என்னாத்துக்குப் பொறந்திச்சிங்க சார்?"

"வெளியே போக. வேற கூட்டுப் பெண்ணைத் தேடிச் சேர. அதுக்கு இருக்கற வேலை அது ஒண்ணுதாம்மா."

"பொட்டியிலயே இருந்தா?"

"கொஞ்ச நாள்லே செத்துப் போகும்."

"காட்டுல வுட்டா?"

அவர் யோசித்தார். "தெரியாது. முக்கால்வாசி குருவி தின்னுடும். ஒண்ணு ரெண்டு பொழைச்சு, ஒரு பெண்ணைக் கண்டுபிடிச்சா, அந்தக் குஞ்சுங்க உடம்பிலே இந்த ராணி ரத்தமும் இருக்கும். இந்த எறும்பிலே அது எப்படி நடக்குதுன்னு யாரும் பாத்தது இல்லே. லூர்து பாத்துச் சொல்லுவான்னு இருந்தேன்."

பெட்டியைப் பெங்களூருக்கு எடுத்துப்போகட்டுமா என்று கிளம்பும்போது கேட்டார். சவரி மனைவியைப் பார்த்தார். "பழசுங்க இங்கியே இருக்கட்டும் சார். போற வரைக்கும் நான் பாத்துக்கறன்" என்றாள் அவள். அவர் வற்புறுத்தவில்லை. ஓடைக்கு எப்படிப் போவது என்று அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். லூர்துவோடு ஒருமுறை அங்கே போயிருக்கிறார். பஸ்சை விட்டு இறங்கி, ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால் இரண்டு மருத மரம் சேர்ந்து நிற்கும், அதன் அடிக்கரை என்றார்.

அவர் போன பிறகு ரோசம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்னாத்துக்குப் பொய் சொன்னீங்க?"

"என்னா பொய்? அன்னிக்கி வெயிலு காஞ்சிதுல்ல."

அவள் திரும்பாமல் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவி வைத்ததையும் எடுத்துத் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் முதல் பஸ்சில் கிளம்பினார்கள். சிறகு முளைத்தவை ஒரு பாட்டிலுக்குள், மெல்லிய துணி கட்டிய வாய்க்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ரோசம்மா அதை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவள் வந்ததில்லை. மகள் போய் உட்காரும் இடத்தை ஏதோ பாம்பும் புதரும் நிறைந்த காடாகவே அவள் நினைத்து வைத்திருந்தாள். ஓடை அப்படி இல்லை. மணல் சுத்தமாக இருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர் சத்தமில்லாமல் போனது. மருத மரங்களுக்குக் கீழே குளிர்ச்சியாக இருந்தது. உட்கார வாகாக ஒரு பாறை இருந்தது. அவள் அந்தப் பாறையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண், ஆள் நடமாட்டத்தைக் கண்டு கிட்டே வந்தாள். சவரி வயது இருக்கும்.

"யாருங்க? அந்த எறும்புப் பொண்ணோட ஆளுங்களா?"

சவரி தலையாட்டினார்.

"மூஞ்சிய பாத்தாலே தெரியுதே, ஆத்தாளும் மவளும் ஒரே அச்சு" என்று ரோசம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "என் பேரு கண்ணம்மாளுங்க. அந்தா தெரியுதே, அதான் நம்ம ஊரு. பொண்ணு இங்கியேதான் உக்காந்திருக்கும். கொண்டாந்த சோத்துல எனக்கும் ஒரு கை வெக்கும். எங்கம்மா செஞ்ச புளிச்சோறு தின்னு பாருங்கன்னும். பொழுது சாயுது, வூட்டுக்குப் போம்மான்னா, எங்கம்மா திட்டும், இன்னும் கொஞ்ச நேரங் கழிச்சி சேத்து வாங்கிக்கறன்னு சிரிக்கும்." ஓர் ஆட்டை அதட்டிவிட்டுத் திரும்பினாள். "ரொம்ப நாளா ஆளக் காணமே. கண்ணாலம் கட்டிக் குடுத்துட்டீங்களா?"

சவரி வாயெடுத்தார். ரோசம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. தூரமா குடுத்துட்டம்."

"நல்லா இருக்குதா?"

"இருக்குறா."

"நல்லா இருக்கட்டும். வந்தா கேட்டன்னு சொல்லுங்க" என்றாள் கண்ணம்மாள். ஆடுகள் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தன. அவள் பின்னாலேயே போனாள்.

ரோசம்மா பாறையில் உட்கார்ந்து பாட்டிலின் துணியை அவிழ்த்தாள். முதலில் எதுவும் வெளியே வரவில்லை. குளிருக்கு ஒடுங்கியிருந்தன. மரத்தின் ஊடாக வெயில் விழுந்த இடத்துக்குப் பாட்டிலை நகர்த்தினாள். ஒன்று விளிம்புக்கு ஏறி வந்து, முன்காலால் கொம்பைத் துடைத்துக்கொண்டது. சிறகை ஒருமுறை விரித்து மூடியது. பிறகு இல்லை. போனதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. அடுத்தது வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. தண்ணீருக்கு மேலே கொஞ்ச தூரம் ஒரு புள்ளியாகத் தெரிந்து, எதிர்க்கரை வெளிச்சத்தில் கரைந்தன. ஒரு கருங்குருவி தாழப் பறந்து வந்து திரும்பிப் போனது. சவரி கல்லை எடுத்தார், எறியாமல் வைத்திருந்தார்.

கடைசியாக ஒன்று மட்டும் பறக்கவில்லை. விளிம்பிலிருந்து இறங்கி, ரோசம்மாவின் விரல் வழியாக மணிக்கட்டுக்கு வந்து, அங்கே நின்றது. சவரி ஊதிவிடுவதற்காகக் குனிந்தார்.

"வுடுங்க" என்றாள்.

தூரத்தில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. அடுத்த பஸ் மத்தியானத்துக்குத்தான். அவர் அதைச் சொல்லவில்லை. அவள் கையை முன்னால் நீட்டியபடி, அசையாமல், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் மெதுவாக அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.